முகூர்த்த ரவிக்கை: அளவு நாடாவிலிருந்து கடைசிக் கொக்கி வரை

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு, ரவிக்கையில் ஆரி எம்ப்ராய்டரி போடும் பெண்ணுக்கு ஒரு போன் போகிறது. "அக்கா, தை கடைசியில முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு ஒண்ணு, தாலி கட்டுறதுக்கு ஒண்ணு, ரெண்டு ப்ளவுஸ். முடியுமா?" அக்கா பதில் சொல்வதற்கு முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பது ஊருக்கு ஓய்வு, இவருக்கு இல்லை. ஆவணிக்கு வேண்டியதை ஆடியில் போட வேண்டும். தை மாத ரவிக்கைகள் எல்லாம் கார்த்திகை, மார்கழியில்தான் ஃபிரேம் கட்டையில் ஏறும். மயிலம் முருகன் கோயிலில் வரிசையாகத் தாலி கட்டும் ஒரு முகூர்த்த நாள் என்றால், இந்த வட்டாரத்து ஆரி வீடுகள் அத்தனையிலும் முந்தின வாரம் விளக்கு அணைவதில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன் இங்கே கல்யாண ரவிக்கை என்றால் புடவையோடு வந்த துணியைக் கிழித்து டெய்லரிடம் கொடுப்பதுதான். கைக்கு பார்டர் வைப்பார், கழுத்துக்கு பைப்பிங் வைப்பார், நாலு நாளில் முடிந்துவிடும். இன்று பட்டுப்புடவைதான் சீக்கிரம் முடிகிற வேலை. காலையில் காஞ்சிபுரத்துக்கோ ஆரணிக்கோ பஸ் ஏறினால் சாயங்காலம் பெட்டியோடு திரும்பிவிடலாம். ரவிக்கைக்கு ஒன்றரை மாதம் வேண்டும். மணவறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையையும் முதுகையும்தான் கேமராக்காரர் மாற்றி மாற்றி எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

விழுப்புரம் நேருஜி சாலையிலும் எம்.ஜி. ரோட்டிலும் போர்டு வைத்த கடைகள் உண்டு. வேலை நடப்பது பெரும்பாலும் உள்தெருக்களில், முன்னறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் ஃபிரேம் போட்ட வீடுகளில். செய்கிறவர்கள் பெண்கள். டிகிரி முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு மூன்று மாத வகுப்பில் கற்றவர்கள். யூடியூபில் பார்த்துப் பழகியவர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டத்தில் தையல் மெஷின் வாங்கி, அதிலிருந்து இதற்கு நகர்ந்தவர்கள். இந்த மண்ணில் இதற்கு ஒரு பழைய அடித்தளம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய பிறகு, அடுத்த சுற்றிலேயே, 1991-92-இல், சேலத்தோடு சேர்ந்து தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்துவிட்டன. அதுவரை தென்னாற்காட்டில் இருந்த விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். அன்றைக்கு அம்மா குழுக்கடனில் கறவை மாடு வாங்கினார். இன்றைக்கு மகள் அதே மாதிரிக் கடனில் ஃபிரேமும் மணியும் வாங்குகிறார்.

வேலை புடவையிலிருந்து தொடங்குகிறது. விவரம் தெரிந்தவர் மணப்பெண்ணின் அளவைக் கேட்பதற்கு முன் புடவையைக் கேட்பார். புடவையோடு நெய்து வரும் ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டருக்கு மேல் கொஞ்சம் இருக்கும். எல்போ வரை கை, பின்னால் முழு வேலை என்றால் அது இழுபறி. துணியின் நடுவில் புட்டா நெய்திருந்தால் அதன் மேல் ஆரி போட்டால் இரண்டுமே எடுபடாது. மெல்லிய சாஃப்ட் சில்க் என்றால் மணிப் பாரம் தாங்காமல் சுருங்கும். அப்போது ஒரு மீட்டர் ரா சில்க் தனியாக வாங்குவதுதான் வழி. வாங்கும்போது ஒரே விதி: கடையின் டியூப்லைட்டை நம்பாதீர்கள், புடவை முந்தானையையும் துணியையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள சண்டை கல்யாண மண்டபத்து விளக்கில்தான் வெளியே வரும்.

அடுத்தது அளவு. இங்கேதான் சாதாரணத் தையலுக்கும் ஆரிக்கும் வழி பிரிகிறது. டெய்லர் துணியை வெட்டித் தைக்கிறார். இடுப்பு பிடித்தால் பிரிக்கிறார், கழுத்து ஏறினால் இறக்குகிறார். ஆரியில் துணியை வெட்டுவதற்கு முன்பே கழுத்து முடிவாகிவிடுகிறது. கழுத்தின் கோட்டை ஒட்டியே கொடியும் மணியும் ஓடுவதால், போட்டு முடித்த பிறகு அரை இஞ்ச் இறக்க வேண்டும் என்றால் அரை இஞ்ச் வேலை கத்தரிக்கோலுக்குப் போகும். ஆகவே அளவுகளை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பின் கழுத்து இறக்கம், முன் கழுத்து இறக்கம், தோள் அகலம், கை நீளம் ஆகியவை மாற்ற முடியாதவை. மார்பு, இடுப்பு, கைச் சுற்றளவு ஆகியவை பக்கத் தையலில் ஏற்றி இறக்கக்கூடியவை. முதல் கட்டை உடம்பில் ஒரு தடவை, நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கையில் ஒரு தடவை, இரண்டு விதமாகவும் எடுத்து ஒத்துப்பார்க்க வேண்டும். முகூர்த்தத்தன்று எந்த உள்ளாடை போடப்போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கெட்டுப்போன ரவிக்கைகள் நிறைய. இரண்டாம் கட்டுக்கு, பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் தையல் விட்டு வைப்பது வழக்கம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் பெண் இளைப்பதும் உண்டு, விருந்துக்குப் போய்ப் போய்ப் பெருப்பதும் உண்டு.

அளவு வந்ததும் பிரவுன் பேப்பரில் ரவிக்கையின் வடிவம் முழுதும் வரையப்படுகிறது: பின்பாகம், முன்பாகம், இரண்டு கை. தையல் எங்கே விழும் என்ற கோடு ஒன்று, வெட்டு எங்கே விழும் என்ற கோடு ஒன்று. டிசைன் தையல் கோட்டுக்குக் கால் இஞ்ச் உள்ளே நிற்க வேண்டும்; பைப்பிங் வைக்க அந்த இடம் தேவை. கையில் போடும் டிசைன் அக்குளுக்குக் கீழே வரும் தையலைத் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் வெறுமையாக விட்டால், பிறகு கை அகலம் கூட்டினாலும் குறைத்தாலும் பூ பாதியில் வெட்டுப்படாது. மணி உடம்பில் உரசிப் புண்ணாக்காமலும் இருக்கும்.

டிசைன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உண்மையைச் சொன்னால், போனிலிருந்து. மணப்பெண் நாற்பது படம் அனுப்புவார். ஒன்றில் கை, ஒன்றில் கழுத்து, ஒன்றில் நிறம். நல்ல கைக்காரி அதை அப்படியே போடுவதில்லை. புடவை பார்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்: யாளியா, மயிலா, ருத்ராட்சமா, கோபுரமா. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கைக்குக் கொண்டுவந்தால் புடவையும் ரவிக்கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிற்கும். இப்போது கேட்டு வருகிற இன்னொன்று முதுகில் மணமக்களின் முகம். பல்லக்கில் பெண், குதிரையில் மாப்பிள்ளை என்றால்கூட அது பொம்மை என்று தெரியும். போட்டோவைப் பார்த்து நூலில் முகம் எடுப்பது வேறு. மூக்கு ஒரு இழை கோணினால் மாப்பிள்ளை வேறொருவர் ஆகிவிடுவார். என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

பேப்பரிலிருந்து துணிக்கு டிசைன் போகும் விதம் அழகானது. டிரேசிங் பேப்பரில் பாதி டிசைனை மட்டும் வரைந்து, நடுவில் மடித்து, கீழே தடித்த போர்வையை வைத்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். விரித்தால் வலதும் இடதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கும். இந்தத் துளைப் பேப்பரைத் துணி மேல் பின் குத்தி நிறுத்தி, ஜிங்க் பவுடரையோ சாக் பவுடரையோ மண்ணெண்ணெயில் கரைத்து, துணிப் பந்தில் தொட்டு மேலே தேய்த்தால் துளை வழியாக இறங்கிப் புள்ளிப் புள்ளியாகப் படியும். தண்ணீரில் கரைத்தால் பட்டில் கறை விழும்; மண்ணெண்ணெய் பறந்துபோய்ப் பொடி மட்டும் நிற்கும். ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு மஞ்சள் கார்பன் பேப்பர் வைத்துப் பேனாவால் வரைபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சுத்தமான வேலைதான், ஆனால் அந்தக் கோடு லேசில் போகாது. போட்ட நூல் கோட்டை விட்டு ஒரு நூலிழை விலகினாலும் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

துணியைக் கட்டையில் ஏற்றுவது பாதி வேலை. எதிரெதிரே இரண்டு மரக்கட்டை, அவற்றில் ஆணியடித்த நாடா. துணியின் இரண்டு ஓரத்தையும் அந்த நாடாவோடு தடித்த நூலால் தைத்து, பக்கச் சட்டங்களின் துளையில் முளை செருகி இழுத்து நிறுத்துகிறார்கள். மற்ற இரண்டு ஓரங்களைக் கயிறு கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். துணியின் இழை நேராக ஓட வேண்டும். ஒரு மூலை அதிகம் இழுபட்டால், வேலை முடிந்து இறக்கியபின் டிசைன் அந்தப் பக்கமாகச் சாயும். தட்டினால் தவில் மாதிரி பேச வேண்டும். அந்தச் சத்தம் வராத துணியில் ஆரி ஊசி இறங்காது. இறங்கினாலும் நூலோடு துணியையும் கொக்கியில் இழுத்துக்கொண்டு வரும்.

இனி ஊசி. அதற்குக் காது கிடையாது. நுனியில் சின்னக் கொக்கி, பின்னால் மரப்பிடி. கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சி சமூகத்தார் தங்கள் கொக்கி ஊசியைப் பட்டுக்குக் கொண்டுவந்ததாகத்தான் இந்தக் கைவேலையின் கதை சொல்லப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன இதே வகை ஊசிதான் அங்கே தாம்பூர் வேலையானது. பிரான்ஸின் லூனேவில் நகரம் அதில் பேர் பெற்றது. பாரிஸின் பெரிய எம்ப்ராய்டரி வீடான லெசாஜின் குடும்பத்து மகன் ழான் பிரான்சுவா லெசாஜ் 1993-இல் சென்னைக்கு வந்து 'வஸ்த்ரகலா' என்ற பட்டறையைத் தொடங்கியது, ஒருவகையில், ஊசி பிறந்த நாட்டுக்கே திரும்பியதுதான். வடக்கிலும் சென்னைப் பட்டறைகளிலும் ஃபிரேமைச் சுற்றி உட்கார்ந்து போடுகிறவர்கள் பரம்பரையாக ஆண்கள். திண்டிவனத்து முன்னறையில் அது பெண்கள் கைக்கு வந்தது அண்மைக்காலக் கதை. அதைப் பெரிதாக யாரும் பேசிக்கொள்வதில்லை.

ஊசி ஓடும் விதத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நூல் துணிக்கு அடியில், இடது கையில். வலது கை ஊசியைப் பேனா மாதிரி பிடித்து மேலிருந்து குத்துகிறது. கீழே இடது விரல்கள் நூலைக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகின்றன. ஊசியை அரைத் திருப்புத் திருப்பி மேலே எடுத்தால் ஒரு கண்ணி வருகிறது. அந்தக் கண்ணிக்குள் நின்றபடியே ஒரு நூல் தள்ளி மறுபடி குத்து, சுற்று, திருப்பு, எடு. சங்கிலி ஓடுகிறது. துணிக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது; எல்லாம் விரல் சொல்வதுதான். புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் வாரம் கண்ணி மேலே வராது, வந்தால் துணியோடு வரும். பிறகு ஒருநாள் திடீரென்று கை புரிந்துகொள்ளும். அதன் பிறகு இந்த அக்காக்கள் டிவி சீரியலைக் காதால் கேட்டுக்கொண்டே போடுகிறார்கள். சீரியல் பார்த்துக்கொண்டே என்று சொல்ல முடியாது.

சங்கிலித் தையலுக்கு ஒரு ஆபத்து உண்டு. வரிசை முடியும் இடத்தில் பின்னால் ஒரு சின்னத் தையல் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டு விட்டுப்போனால், கடைசி நுனி எதிலாவது மாட்டி இழுபடும்போது வரிசை மொத்தமும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். மண்டபத்தில் தாலி கட்டின கையோடு மணப்பெண்ணின் கையிலிருந்து மணி கொட்டினால் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு பூட்டுதான். ஆர்டர் கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டியது, எத்தனை கல் வைப்பீர்கள் என்பது அல்ல. ஏற்கெனவே போட்ட ஒரு துண்டைத் திருப்பிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பின்பக்கம் சுத்தமாக, பூட்டு விழுந்து, நூல் தாவாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை முதலில் போடுவது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. குந்தன் கல்லுக்குப் பசை தேவை. அதை முதலில் ஒட்டி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். பசை அதிகம் வைத்தால் பட்டில் ஊறி எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும். காய்ந்தபின் கல்லைச் சுற்றி ஜரி நூலில் இரண்டு சங்கிலி, சிலர் அதற்கு வெளியே சர்தோசி. சர்தோசி என்பது ஸ்பிரிங் போலச் சுருண்ட மெல்லிய கம்பி. அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சாதாரண ஊசியில் மணி போலக் கோத்துத் தைக்க வேண்டும். நீளம் ஒரே மாதிரி வெட்ட வராதவர் போட்டால் பூ இதழெல்லாம் பல் விழுந்த மாதிரி இருக்கும். அதன் பிறகு சில்க் த்ரெட்டில் இலையும் பூவும் நிரப்புவது. பெயர்தான் சில்க், பெரும்பாலும் அது ரேயான் நூல். பளபளப்பு அதிகம், சிக்கலும் அதிகம். கடைசியில் மணி: சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப், முத்து.

லூனேவில் முறையில் மணியை நூலில் முன்பே கோத்துவைத்து, துணியைக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து போடுவார்கள். முகப்பு எப்படி வருகிறது என்பது முடிந்தபின்தான் தெரியும். நம் பெண்கள் முகப்பைப் பார்த்தபடியே போடுகிறார்கள். நாலைந்து மணியை ஊசிக் கம்பியிலேயே அள்ளிக்கொள்கிறார்கள். ஒரு மணியை நுனிக்குத் தள்ளி, குத்தி, கீழிருந்து நூலை அந்த மணிக்குள்ளேயே இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள். சுகர் பீட்ஸின் துளைக்குள் நுழைகிற மெல்லிய ஊசி வேண்டும். அது சட்டென்று வளையும், உடையும். மெட்ராஸ் சௌகார்பேட்டைக்குப் போகும்போது ஒன்றுக்கு நாலு ஊசியாக வாங்கி வருவார்கள். தாம்பரம் பாசஞ்சரில் ஏறிப் போய், பாரிமுனைச் சந்துகளில் கிலோ கணக்கில் மணியும் கட்டுக் கணக்கில் நூலும் வாங்கி வருவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் காரியம். மணியில் ஒரே நிறத்தின் இரண்டு லாட் ஒத்துப்போகாது என்பதால், ஒரு ரவிக்கைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும்.

எத்தனை நேரம்? பகல் பத்து மணிக்குச் சமையல் முடியும், மூன்றரைக்குப் பிள்ளைகள் வருவார்கள். நல்ல வெளிச்சம் கிடைப்பதும் அந்த நேரம்தான். ஒரு நாளைக்குச் சிந்தாமல் நாலு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரளவு நெருக்கமான ஒரு ரவிக்கைக்கு 6,500 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். மணி, நூல், கல், பசைக்கு 900. லைனிங் போட்டுத் தைக்க இன்னொரு 900. மிச்சம் 4,700. பின் கழுத்துக்கு 22 மணி நேரம், இரண்டு கைக்கும் 28, முன் கழுத்துக்கு 8, வரைந்து குத்திக் கட்டையில் ஏற்ற 6. மொத்தம் 64 மணி நேரம். மணிக்கு 73 ரூபாய் சொச்சம். நாலு மணி நேரத்துக்கு 300-க்குக் கொஞ்சம் கீழே. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். போர்டு வைத்த கடைக்குக் கைக்கூலிக்குப் போட்டுக்கொடுக்கும் பெண்ணுக்கு இதுவும் நிற்காது. நேரில் வந்து பேரம் பேசுகிற வாடிக்கையாளர், "இவ்ளோ கல்லுகூட இல்லியேம்மா, எதுக்கு ஆறாயிரம்?" என்பார். கல்லின் விலை அந்த ரவிக்கையில் மிகச் சின்னத் தொகை. கல் ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் முடிகிற வேலையும்கூட. ஆகவே விலை சொல்லும்போது டிசைனைக் காட்டாமல் மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள் என்பது தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது. நோட்டில் எழுதிவைத்தால்தான் தன் நேரம் எவ்வளவு போகிறது என்று தனக்கே தெரியும். கழுத்து வலியும் கண் எரிச்சலும் இடது ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய புள்ளிகளும் அந்த நோட்டில் ஏறுவதில்லை.

கட்டையிலிருந்து இறக்கியதும் துணியைக் கவிழ்த்து, அடியில் தடித்த துண்டு போட்டு, பின்பக்கமாக மட்டும் இஸ்திரி. கண்ணாடி மணி சூடு தாங்கும், பிளாஸ்டிக் முத்து உருகி வழியும்.

அதன் பிறகுதான் வெட்டு. வெட்டுகிற கை வேறாகவும் போட்ட கை வேறாகவும் இருப்பதுதான் இங்கே நிறைய இடங்களில் வழக்கம். அதனால் பிரவுன் பேப்பர் வடிவத்தையும் துணியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். டெய்லர் தன் கணக்குக்கு மறுபடி அளவு போட்டால் தோள்பட்டையில் டிசைன் ஏறியோ இறங்கியோ போகும். தையல் ஓட வேண்டிய கோட்டில் மணி இருந்தால் மெஷின் ஊசி உடையும். அந்த மணியை எடுக்க நூலை வெட்டினால் பக்கத்து வரிசை அவிழும். மூக்குக் குறடால் அந்த மணியை மட்டும் நசுக்கி உதிர்த்துவிட வேண்டும். நூல் அப்படியே நிற்கும். கண்ணில் துகள் தெறிக்காமல் மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு நசுக்குவது நல்லது. மணியை ஒட்டித் தைக்க இரட்டைப் பாதம் உதவாது. ஜிப் வைக்கிற ஒற்றைப் பாதம் மாட்ட வேண்டும். லைனிங்கை முதலில் கையால் டாக் போட்டுக்கொண்டால் கனமான துணி வழுக்காது.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் முழுக்க வேலை போட்ட ரவிக்கை, போட்டவுடன் பின்னால் இழுக்கும். முன் கழுத்து தொண்டைக்கு ஏறும். தோளுக்குக் கீழே பின்னால் நாடா வைத்து முடிச்சுப் போடுவது, குஞ்சம் தொங்கவிடும் அழகுக்கு மட்டும் அல்ல. இரண்டு தோளும் நழுவாமல் அதுதான் பிடிக்கிறது. கொக்கி நெருக்கமாக, இரட்டை நூலில் தைத்திருக்க வேண்டும்.

கிறிஸ்தவக் கல்யாணங்களில் கதை கொஞ்சம் மாறும். முகையூர், எறையூர் மாதிரி கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள் இந்தப் பக்கம் உண்டு. தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகுதான் அவர்களுக்குக் கல்யாணக் காலம். வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டும் தலையில் நெட்டும்தான் அதிகம். கவுன் போட ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரியிலோ சென்னையிலோ வாடகைக்கு எடுக்கிறார்கள். 1840-இல் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டும் ஹானிட்டன் லேஸும் போட்டதிலிருந்து வெள்ளைக் கவுன் உலகம் சுற்றியது. அதே நூற்றாண்டில் நாகர்கோவிலில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கவுன் தைப்பதில் நம் பெண்களுக்குக் கடினமான இடம் மேல்பாகம் அல்ல. அதில் ரவிக்கையின் கணக்கேதான். பாவாடைப் பாகம்தான் சிக்கல்: சாட்டின் லைனிங், அதற்கு மேல் கான்கான் அடுக்கு, அதற்கு மேல் நெட். நெட்டில் ஆரி போடும்போது துளைத் துணி என்பதால் பூட்டுத் தையல் நழுவும். அடியில் ஆர்கன்சா வைத்துப் போட்டு, பிறகு மிச்சத்தை ஒட்ட வெட்ட வேண்டும். ரிசப்ஷனுக்கு லெஹங்கா கேட்கும் மற்ற வீடுகள் பெருகியதால் இந்த வேலையும் இப்போது உள்தெருக்களில் பழகிவருகிறது.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு போட்டுப் பார்க்கும் நாள். வெறுமனே நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. உட்காரச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் தூக்கி மாலை போடுவது மாதிரி காட்டச் சொல்ல வேண்டும். குனிந்து காலைத் தொடச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று செய்யப்போவது இந்த மூன்றும்தான். அக்குளில் பிடித்தால் அங்கே தெரிந்துவிடும்.

கொடுக்கும்போது பாக்கித் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு கொடுப்பது நல்லது. மொய் எண்ணி முடித்தபின் தருகிறோம் என்று வாங்கிப்போனவர்களைத் தேடி அலைந்த கதை எல்லா ஆரி வீட்டிலும் ஒன்று இருக்கும். கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தில் அதே மணி கொஞ்சம், அதே நூல் கொஞ்சம். கல்யாணம் முடிந்ததும் ரவிக்கையைத் துவைக்காமல், நிழலில் வியர்வை காயவிட்டு, மடிக்காமல் பழைய வேட்டியில் சுருட்டி வைக்கச் சொல்ல வேண்டும். சென்ட்டை மேலே நேராக அடித்தாலோ அந்துருண்டையைப் பக்கத்தில் போட்டாலோ ஜரி கறுக்கும். பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் விட்டு வைத்த தையலை வெட்டியெறியச் சொல்லும் டெய்லர்கள் உண்டு; விடக் கூடாது. வளைகாப்புக்கு அதே ரவிக்கையைத்தான் எடுப்பார்கள், அதற்குள் ஒரு இஞ்சாவது பிரிக்க வேண்டியிருக்கும்.